வழித்துணை

திருத்தலங்களை நாடிச் செல்லும் செலவு, தனித்துச் செல்வதும் சுற்றத்தோடு செல்வதும் என இருவகைப்படும். தனித்துச் செல்வதே சிறந்ததென்பார் பலர். மனம் ஒருமைப்படும், வேண்டுமளவு நின்று வழிபடலாம், வேண்டும்பொழுது புறப்படலாம், மகவின் அழுகையும் முதியோரின் களைப்பும் இடையூறு செய்யா. அன்றியும், பற்றறுத்தற்கென்றே புறப்படும் வழியில், பற்றுக்கு நிலைக்களமாகிய குடும்பத்தையும் உடன்கொண்டு செல்வது பொருந்துமோ என வினவுவாரும் உளர். எளியேனும் நெடுங்காலம் இக்கொள்கையுடையேனாய் இருந்தேன். அது பிழையென்பதை எனக்கு உணர்த்தியவை யான் கற்ற நூல்களல்ல. அறுபது ஆண்டுக் கால எல்லையுள் ஒரே தலத்திற்குக் குடும்பத்தாரோடு மும்முறை சென்ற செலவுகளேயாம். அத்தலம் திருமறைக்காடு, இந்நாளில் வேதாரணியம் என வழங்குவது. அம்மூன்று செலவுகளையும், அவற்றுள் இரண்டாவதில் யான் செய்த பிழையையும் அன்பர்க்கு உள்ளவாறே கூற முற்படுகின்றேன். என்போற் பிழைசெய்யும் நிலையிலுள்ளார் ஒருவரேனும் முன்னரே விழித்துக்கொள்வாராயின், அதுவே இதன் பயனாகும்.

முதற்செலவு 1963 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நிகழ்ந்தது. அப்பொழுது எனக்கு எட்டு வயது; தங்கைக்கு மூன்று. மாயூரத்தை அடுத்த சிற்றூரொன்றில் எந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்தார். அவர்தம் அன்னையாராகிய எங்கள் பாட்டியார், 'கண்பார்வை இருக்கும்போதே மறைக்காட்டு விளக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்' எனப் பன்முறை கூறிவந்தார். விளக்கழகுக்குப் பெயர்போன தலமன்றோ அது. ஆகவே ஐவரும் புறப்பட்டோம். மாயூரத்தில் மீட்டர்பாதைப் புகைவண்டியேறித் திருவாரூர் வழியாகத் திருத்துறைப்பூண்டியை அடைந்து, அங்கே வேறு வண்டிக்கு மாறினோம். அன்னையார் வாழையிலையிற் பொதிந்த புளிச்சோறும் தூக்கில் தயிர்ச்சோறும் கொண்டுவந்தார். பாட்டியார் வெற்றிலைப்பெட்டியும் பித்தளைச் செம்பும் கொண்டுவந்தார். எந்தையார் குடையும் தேவாரப் புத்தகமும் கொண்டுவந்தார். யான் சாளரத்தோரம் இடம்பிடித்துத் தலையை வெளியே நீட்டினேன். எஞ்சினின் கரித்தூள் கண்ணில் விழுந்தது. அன்னையார் முந்தானை நுனியைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, என் கண்ணில் ஒற்றினார். திருவாரூரை அடையுமுன் மூன்று முறை இது நிகழ்ந்தது. மூன்று முறையும் 'தலையை நீட்டாதே' என்றாரேயன்றி, சாளரத்தை விட்டு என்னை எழுப்பினாரல்லர்.

மறைக்காட்டில் மாலை வழிபாட்டின்போது பாட்டியார் விளக்குகளை நோக்கி நெடுநேரம் நின்றார். நெய்யுண்ண வந்த எலியொன்று, மூக்கைச் சுடர் சுட்டமையால், அவியும் நிலையிலிருந்த விளக்கின் திரியை அறியாமலே தூண்டிவிட்டு, அப்புண்ணியத்தால் மறுபிறப்பில் மாவலி மன்னனாய்ப் பிறந்த வரலாற்றை அங்கேயே எனக்குக் கூறினார். 'எலிக்குத் தெரியாமலே புண்ணியம் கிடைக்குமா, அப்பாயி?' என்றேன். 'தெரிந்து செய்ததற்கு நாம் கணக்கு வைத்துக்கொள்வோம். தெரியாமற் செய்ததற்கு அவன் கணக்கு வைத்துக்கொள்வான்' என்றார். எழுத்தறியாத அம்மூதாட்டியாரின் விடையினும் தெளிவான விளக்கத்தைப் பின்னாளில் யான் எவ்வுரையிலும் கண்டிலேன்.

மறுநாள் கட்டைவண்டியிற் கோடிக்கரைக்குச் சென்றோம். வழியில் அகத்தியான்பள்ளி உப்பளங்களில் உப்புக் குவைகள் வெயிலில் வெண்குன்றுகள்போல் ஒளிர்ந்தன. 1930 ஆம் ஆண்டில் இராசாசி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து, ஏப்பிரல் 30 ஆம் நாள் உப்பெடுத்துச் சிறைப்பட்ட இடம் இதுவென எந்தையார் கூறினார். அத்தொண்டர்க்கு உணவும் உறையுளும் தரலாகாதென அந்நாளைய ஆட்சியர் விதித்த தடையை மீறி, வழியிலுள்ள ஊரார் மறைவாகச் சோறளித்ததையும் கூறினார். 'வழி நடக்கிறவனுக்குச் சோறு போடாதே என்றும் ஒரு சட்டமா?' எனப் பாட்டியார் வியந்தார். கோடிக்கரையில் வண்டி மணலிற் செல்லாமையால் இறங்கி நடந்தோம். மணல் கொதித்தது. தங்கையை அன்னையார் இடுப்பிற் கொண்டார். எந்தையார் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பாட்டியார் எந்தையாரின் குடைநிழலில் ஒட்டி நடந்தார். அத்தோளின்மீதிருந்துதான் யான் முதன்முதலாகக் கடலைக் கண்டேன்.

கோடிக்குழகர் திருமுன் எந்தையார் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றை எடுத்துரைத்தார். சுவாமிகள் தம் தோழராகிய சேரமான் பெருமாளோடு இவ்வழி வந்தவர். தமக்குத் தோழர் உடனிருக்க, கடற்காற்று அலைக்கும் கரையில் அயலே குடிகளுமின்றி இறைவன் தனித்திருத்தலைக் கண்டு, உள்ளம் பொறாராய் அவனுக்குத் துணை யாரென வருந்திப் பாடினார். இதனைக் கேட்ட யான், 'அப்படியானால் சாமிக்குத் துணைக்கு யாருமே இல்லையா?' என்றேன். அன்னையார், 'இன்றைக்கு நாம் ஐந்து பேர் இருக்கிறோமே' என்றார்.

அச்செலவு இரண்டு நாளில் முடிந்தது. ஆயினும் எங்கள் இல்லத்தில் அது முடிந்தபாடில்லை. கட்டைவண்டியின் இடப்பக்கத்து எருது நொண்டியதென்பார் பாட்டியார், வலப்பக்கத்ததென்பார் அன்னையார். திரும்பும் வழியிற் குடையை வண்டியில் மறந்துவிட்டதை எந்தையார் ஒருநாளும் ஒப்புக்கொண்டாரல்லர். திருத்துறைப்பூண்டியில் யாரோ எடுத்துக்கொண்டதாகவே கூறுவார். ஒன்றையும் நினைவுகூர இயலாத சிறுபருவத்தில் வந்த தங்கையும், கேட்டுக் கேட்டே அனைத்தையும் நேரிற் கண்டவள்போற் கூறலானாள். குடும்பத்தோடு செல்லும் செலவின் தனிச்சிறப்பு யாதென வினவின், முதற்கண் இதனையே கூறுவேன். தனித்துச் சென்றவன் கண்டது அவன் நினைவளவில் நின்று, அந்நினைவு தேயுந்தோறும் தானும் தேயும். பலர் கூடிக் கண்டதோ, ஒருவர் மறந்ததை மற்றவர் நிரப்ப, ஆண்டுதோறும் வளரும். ஆனால் இவ்வுண்மையை அறியும் அறிவு அந்நாளில் எனக்கில்லை, கற்றபின் அது வந்திருக்கவேண்டும், வந்திலது.

இரண்டாவது செலவு 1994 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதற்குட் பாட்டியார் சிவபதம் அடைந்திருந்தார். யான் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவனாயும், பெரியபுராணத்தை மேடைகளில் விரித்துரைப்பவனாயும் இருந்தேன். தியாகேசப் பெருமான் எழுந்தருளியுள்ள ஏழு விடங்கத் தலங்களாகிய ஆரூர், நள்ளாறு, நாகைக்காரோணம், காறாயில், கோளிலி, வாய்மூர், மறைக்காடு ஆகியவற்றை இரண்டே நாளில் வழிபட்டு முடிக்கக் கருதி வாடகை மோட்டார் ஒன்றை அமர்த்தினேன். எத்தலத்தில் எத்துணை நிமிடமென ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எந்தையாரும் அன்னையாரும் உடன்வந்தனர். அப்பொழுது எந்தையார்க்கு அறுபத்தொரு வயது.

தாளில் எழுதியபடி ஒன்றும் நடந்திலது. நாகையில் எந்தையார் ஓதுவார் ஒருவரோடு பண்ணொன்றைப் பற்றிப் பேசத் தொடங்கி, அரைமணி நேரம் அமர்ந்துவிட்டார். கோளிலியில் அன்னையார், பூக்கட்டும் பெண்ணொருத்தியின் மகள் திருமணம் குறித்து வினவிக்கொண்டு நின்றார். வாய்மூரில் அவர்க்கு முழங்கால் நோவு மிகுந்தமையால் திருச்சுற்றை மெல்ல மெல்லவே வலம்வந்தார். யான் ஒவ்வோரிடத்தும் கடிகாரத்தை நோக்கிக்கொண்டிருந்தேன். மறைக்காட்டை அடைந்தபோது நண்பகல் கடந்து நடை சாத்தப்பட்டிருந்தது. மாலைவரை காத்திருந்தாலன்றி வழிபட இயலாது. அடைபட்ட வாயிலின் முன்னே நின்று, பெற்றோரை நோக்கி, 'உங்களை அழைத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் உருப்படாது. இனிமேல் நான் தனியாகத்தான் வருவேன்' என்றேன்.

இருவரும் மறுமொழி கூறிற்றிலர். யான் மோட்டாரிற் சென்றமர்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவர்கள் எங்கிருந்தனர், யாது செய்தனர் என யான் திரும்பியும் நோக்கவில்லை. மாலையில் நடை திறந்தது, வழிபட்டோம், பேசாது ஊர் திரும்பினோம்.

அதன்பின் ஆண்டுதோறும் யான் தலவழிபாட்டிற்குப் புறப்படும்போது, 'வருகிறீர்களா?' என ஒப்புக்கு ஒருமுறை வினவுவேன். எந்தையார், 'நீ போய்வா, தம்பி' என்பார். முதுமையால் அவ்வாறு கூறுகின்றார் என எனக்கு யானே கூறிக்கொண்டேன். பாடல்பெற்ற தலங்களுள் 200க்கு மேற்பட்டவற்றைத் தனித்தே சென்று வழிபட்டேன். ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதினேன், அவை பதினொரு குறிப்பேடுகளாயின. அவற்றைப் பிரித்துப் படித்தவர் எவருமிலர். யானுங்கூட அரிதாகவே பிரித்தேன். இல்லந் திரும்பியதும் திருநீற்றுப் பொட்டலத்தை அன்னையார் கையிற் கொடுப்பேன். அவர் நெற்றியில் இட்டுக்கொண்டு, 'கூட்டம் இருந்ததா? வேளைக்குச் சாப்பாடு கிடைத்ததா?' என்று மட்டும் கேட்பார். 2009 ஆம் ஆண்டில் அவர் இறைவனடி சேர்ந்தார். மறைக்காட்டிலிருந்து திரும்பிய அந்நாளே அவர் என்னோடு வழிச்சென்ற கடைசி நாள் என்பது, அவர்க்கு நீர்க்கடன் செய்யும்போதுதான் எனக்குத் தோன்றிற்று.

இவ்விடத்தில் மறைக்காட்டுத் திருக்கதவின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். மறைகள் வழிபட்டு அடைத்துச் சென்ற வாயில் அது. அப்பர் சுவாமிகளும் ஆளுடைய பிள்ளையாரும் ஒருங்கே அங்கு எழுந்தருளினர். பிள்ளையார் வேண்ட, அப்பர் கதவு திறக்கப் பாடினார். கதவு எளிதில் திறந்திலது. நெடிது பாடிப் பதிகத்தின் முடிவிலே இரந்து வேண்டியபின் திறந்தது. இருவரும் வழிபட்டு மீண்டபின், கதவு அடைக்குமாறு பிள்ளையார் பாட, ஒரு பாட்டிலேயே அது அடைத்துக்கொண்டது. இதனை எண்ணி வருந்தித் துயின்ற அப்பர்க்கு இறைவன் கனவில் தோன்றி வாய்மூர்க்கு வருக எனப் பணித்தான். அவர் பின்னே பிள்ளையாரும் சென்றார். பாண்டிநாட்டினின்று அழைப்பு வந்தபோது, நாளும் கோளும் நன்றாயில்லையே என அப்பர் அஞ்சிப் பிள்ளையாரைத் தடுக்க முயன்றதும் இம்மறைக்காட்டிலேயே நிகழ்ந்தது. இவ்வரலாற்றை யான் மேடைகளில் எத்தனையோ முறை கூறியுள்ளேன். ஞானத்தின் விரைவுக்கு எடுத்துக்காட்டாகவே எப்பொழுதும் கூறினேன். கைதட்டலும் பெற்றேன்.

மூன்றாவது செலவு 2023 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் வழியாக அகத்தியான்பள்ளிக்குச் சென்ற பழைய மீட்டர்பாதையில் பல்லாண்டுகளாக வண்டி ஓடவில்லை. 37 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அகலப்பாதையாக்கப்பட்டு, 2023 ஏப்பிரல் 8 ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. இச்செய்தியை என் பெயர்த்தி செய்தித்தாளிலிருந்து எந்தையார்க்குப் படித்துக் காட்டினாள். தொண்ணூறு வயதினராகிய அவர் சிறிது நேரம் வாளா இருந்து, 'தம்பி, மறைக்காட்டுக்கு மறுபடியும் வண்டி விட்டிருக்கிறார்களாமே' என்றார். இருபத்தொன்பது ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து வழிச்செலவைப் பற்றி வந்த முதற்சொல் இதுவே. யான் வேறொன்றும் வினவவில்லை.

பள்ளி விடுமுறையில், எந்தையாரும் யானும் என் மனைவியும் எட்டு வயதுப் பெயர்த்தியுமாக நால்வர் புறப்பட்டோம். திருத்துறைப்பூண்டிவரை மோட்டாரிற் சென்று, அங்கே எந்தையாரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திப் புகைவண்டியில் ஏற்றினோம். 2018 நவம்பரில் கஜாப் புயல் சாய்த்த தென்னந்தோப்புகளில் இளங்கன்றுகள் தலையெடுத்திருந்தன. நெய்விளக்கு என்னும் ஊர்ப்பெயரைக் கண்ட பெயர்த்தி அப்பெயர் ஏன் வந்ததெனக் கேட்க, எந்தையார் எலியின் வரலாற்றைத் தொடங்கினார். பாட்டியார் எனக்குக் கூறிய விடையையும் ஒரு சொல் மாறாமற் கூறினார். பின்னர்ச் சாளரத்தின் வழியே வெளியே நோக்கி, 'கரி விழாத வண்டி. விழுந்தாலும் ஊதிவிட உன் கொள்ளுப்பாட்டி இல்லை' என்றார்.

திருக்கோயில் வாயிலை அடைந்தபோது நடை சாத்தச் சிறிது நேரமே இருந்தது. விரைந்து உட்செல்லலாமென என் பழைய இயல்பு தூண்டிற்று. எந்தையார், 'முதலில் கதவைப் பார்ப்போம்' என்றார். நாற்காலியை வாயிலருகே நிழலில் நிறுத்தினேன். அவர் பெயர்த்திக்குக் கதவின் வரலாற்றைக் கூறலானார். மாசிப் பெருவிழாவில் கதவு திறக்கவும் அடைக்கவும் பாடும் விழா இன்றும் நடைபெறுவதையும் கூறினார். இடையிடையே மூச்சுவாங்கி நிறுத்தினார். நிறுத்துந்தோறும் அவள் வினவினாள்.

'பெரிய தாத்தா, அப்பர் பாடினதும் ஏன் உடனே திறக்கவில்லை?'

'பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. கதவு திறந்துவிட்டாற் பாட்டு நின்றுவிடுமே. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று சாமிக்கு ஆசை.'

'மூடும்போது மட்டும் ஏன் உடனே மூடிற்று?'

எந்தையார் நகைத்தார். 'மூடுவதற்கு ஒரு பாட்டுப் போதும், அம்மா. திறப்பதற்குத்தான் நேரமாகும்.'

அவர் என்னை நோக்கி இதனைக் கூறினாரல்லர். குழந்தைக்கு எளிதாக ஒன்றைக் கூறினார், அவ்வளவே. ஆயினும் அச்சொல் என்மேல் தைத்தது. பிள்ளையார் அக்கதவை அடைத்தது திருவருளால். அதே வாயிலில் யான் ஒரு சொல்லால் அடைத்தது ஆணவத்தால். அதனைத் திறக்க யான் ஒருநாளும் வாய்திறந்திலேன். இப்பொழுது திறந்தேன். 'அப்பா, முன்பு ஒருமுறை இதே இடத்தில் உங்களையும் அம்மாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்' என்றேன்.

எந்தையார் சிறிது நேரம் நினைவுகூர்ந்தார். பின்பு கூறினார்: 'அதுவா? நீ வண்டிக்குப் போய்விட்டாய். நானும் உன் அம்மாவும் இந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்தோம். தூக்கில் இருந்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டோம். "கதவு சாத்தியிருக்கிறதே, திறக்கப் பாடுங்களேன்" என்றாள் விளையாட்டாக. பதிகம் முழுவதும் பாடினேன். கேட்டுக்கொண்டே தூணிற் சாய்ந்து தூங்கிப்போனாள். கலியாணமாகி நாற்பது வருஷத்தில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓரிடத்தில் நாலு மணி நேரம் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். போய்வந்த ஊர்களில் எல்லாம் அந்த நாளைத்தான் அவள் கடைசிவரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட உன்னையும் கூப்பிட வேண்டும் என்று எழுந்தாள். நான்தான், படிக்கிறான், விடு என்றேன். கூப்பிட்டிருக்கலாம்.'

'பிறகு ஏன் என்னோடு வரவே இல்லை?' என்றேன்.

'நாங்கள் கூட வந்தால் நீ கடிகாரத்தையே பார்க்கிறாய். தனியாகப் போனால் சாமியைப் பார்ப்பாய் என்றுதான்.'

யான் ஒன்றுங் கூறும் நிலையில் இல்லை. என் பெற்றோரின் வாழ்வில் இனிமையான அந்நான்கு மணி நேரம், என்னிலிருந்து நூறடித் தொலைவில் நிகழ்ந்தது. யான் வெறுத்த அத்தாமதமே அவர்க்குப் பேறாயிற்று. அங்கே என் பங்குச் சோறும் இருந்தது. யானோ மோட்டாரில் அமர்ந்து புத்தகத்தை நோக்கிக்கொண்டிருந்தேன். அது யாது புத்தகம் என்பதும் இன்று நினைவில் இல்லை.

இதற்குள் நடை சாத்திவிட்டனர். எழுவோமென ஒருவரும் கூறவில்லை. என் மனைவி தூக்கைத் திறந்தாள், தயிர்ச்சோறு உண்டோம். எந்தையார் பதிகத்தைத் தொடங்கினார், குரல் எழவில்லை, விட்டவிடங்களை யான் நிரப்பினேன். பெயர்த்தி நாற்காலியின் கால்மிதியில் தலைசாய்த்து உறங்கினாள். மாலையில் நடை திறக்க, விளக்குகளை எந்தையார் நெடுநேரம் நோக்கியிருந்தார். தோளிலேற்றி எனக்குக் கடலைக் காட்டியவரை, நாற்காலியில் வைத்து விளக்கின்முன் நிறுத்தும் பேறு எனக்கு வாய்த்தது. அன்று கடிகாரம் என் கையில் இருந்தது. அதனை யான் நோக்கியதாக நினைவில்லை.

இனித் தொடக்கத்திற் கூறிய ஐயத்திற்கு வருவோம். குடும்பம் பற்றுக்கு நிலைக்களமாதலின் வழிபாட்டிற்குத் தடையென்பது ஒருபுடை உண்மையே. ஆயின் நம் அருளாளர் சென்ற வழிகளை நோக்குக. ஆளுடைய பிள்ளையார் தம் தந்தையார் சிவபாதவிருதயர் தோளின்மேலமர்ந்தே முதலில் தலங்களை வழிபட்டார். பின்னர் யாழ்ப்பாணரும் அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியாரும் அவரைப் பிரியாது உடன்சென்றனர். இறுதியாக நல்லூர்ப்பெருமணத்திற் சோதியுட் புகும்போதும், மணங்காண வந்தார் அனைவரையும் முன்னே புகச்செய்து, தாம் பின்னே புக்கார். அவர் தனித்துச் சென்ற வழி யாண்டுள்ளது? சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் நூற்பா, அன்பரொடு கூடுதலையும் அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் தொழுதலையும் உணர்த்துகின்றது. அவ்வன்பரை யான் ஊரூராகத் தேடினேன். எலியின் வரலாற்றுக்குப் பொருள் கூறியவரும், இறைவனுக்குத் துணையாக நாம் ஐவர் உள்ளோமே என்றவரும் என் இல்லத்திலேயே இருந்தனர் என்பதை உணர்ந்திலேன். அறுக்கவேண்டிய பற்று அவரிடத்தன்று. என் தாளிடத்தும், என் கடிகாரத்திடத்தும், யானே முடித்தேன் என்னும் எண்ணத்திடத்தும் இருந்தது. தனித்துச் செல்லுங்கால் அவ்வெண்ணத்தை எதிர்ப்பார் இலர், அது வளரும். குடும்பத்தோடு செல்லுங்காலோ, முழங்கால் நோவுடையார்க்காக நின்றும், பசித்த குழந்தைக்காக அமர்ந்தும், மறந்த குடைக்காகத் திரும்பியும், நம் விருப்பம் நாழிகைதோறும் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. வேறு தவம் செய்யமாட்டாத என் போல்வார்க்கு இதுவும் ஒரு தவமேயாம்.

ஆதலின் அன்பர்க்கு எளியேன் கூறுவன சிலவே. தலங்களுக்குச் செல்லுங்கால் முதியோரையும் சிறாரையும் உடன்கொண்டு செல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தலம் போதும். எண்ணிக்கை பெருக்க விழையாதீர்கள். நடையில் மெலிந்தார் யாரோ அவர் நடையையே அனைவர்க்கும் அளவாகக் கொள்ளுங்கள். நடை சாத்தியிருப்பின், சோற்றுப்பொதியை அவிழ்த்து நிழலில் அமருங்கள், மாலையில் திறக்கும். சினந்து ஒரு சொல் கூறிவிட்டால், அன்றைய இரவுக்குள் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். எனக்கு வாய்த்ததுபோல் இருபத்தொன்பது ஆண்டுகள் எல்லார்க்கும் வாய்க்குமென்பதில்லை. எனக்கும் அன்னையாரளவில் வாய்த்திலது.

2024 ஆம் ஆண்டில் எந்தையார் சிவனடி நிழல் எய்தினார். சின்னாட்கு முன் என் பெயர்த்தி, தன் தோழியர்க்கு மறைக்காட்டு வரலாற்றைக் கூறக் கேட்டேன். பெரிய தாத்தா பாடியதனால்தான் அன்று மாலை கதவு திறந்தது என்று கூறிக்கொண்டிருந்தாள். மாலையில் நடை திறப்பது வழக்கமெனத் திருத்த வாயெடுத்தேன், திருத்தாது விட்டேன். எங்கள் இல்லத்துச் செலவுக்கதைகளுள் அதுவும் ஒன்றாகச் சேர்ந்து வளரட்டும்.

வழிச்செல்வார் அனைவர்க்கும் திருவருள் வழித்துணையாகுக.